டிவி அலறும் வீடு

மூன்றாவது முறை போனபோதும் அந்த வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லை. வீட்டை விற்கும் டீச்சரம்மா எங்களுக்குக் கதவைத் திறந்த கையோடு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் ஏற்றினார்.

இரண்டு படுக்கையறை. காற்று வரும் சமையலறை. பக்கத்திலேயே பஸ் நிறுத்தம். நேற்று வரை முள்காடாகக் கிடந்த இடமெல்லாம் யானை விலை, குதிரை விலை விற்கும் இந்த ஊரில், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் அடுக்குமாடியில் ஒரு வீடு. அதுதான் உதைத்தது. ‘தண்ணிக்குப் பஞ்சமே இல்ல’ என்றவரின் வாடகை வீட்டில் குடத்தோடு நின்றவள் நான். ‘சொந்த வீடு மாதிரி நெனச்சுக்கோங்க’ என்றவர் ஓர் ஆணி அடிக்க விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படியேறியவள் நான். ஏமாந்தால் ‘படிச்சு என்னத்தக் கிழிச்சா’ என்று சித்தப்பாக்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அம்மாவுக்கு இன்னொரு வீடு வாங்கித்தர என்னிடம் இன்னொரு ஆயுள் இல்லை.

அம்மா நூல் மில்லில் காதைத் தொலைத்தவள். டிவி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

“பாத்திரம் கழுவுற எடத்துல ஜன்னல் இருக்குடீ!” சமையலறையிலிருந்து கத்தினாள்.

“பாத்தேம்மா!” நானும் கத்தினேன். எங்கள் வீட்டு ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

சுவரில் காதை வைத்தேன். புரோக்கர் அண்ணன் இளித்தார். “என்னம்மா, செவுரு ஏதாச்சும் சொல்லுதா?”

“டிவி பேச விட்டாத்தானே அது சொல்லும். என்னத்த மறைக்கிறீங்க? மாடியில பட்டறையா? லிஃப்ட் மோட்டாரா?”

“பேய் இருக்கு. வெல கொறைச்சுத் தரச் சொல்லவா?”

நேராகப் போய் சுவிட்சை அணைத்தேன்.

ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது நாங்கள் நின்ற கூடத்திலேயே செருமியது போலக் கேட்டது.

டீச்சரம்மா பதறி என் கையைப் பிடித்தார். “மெதுவாப் பேசும்மா. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார்.”

“இருந்தா?”

“முன்னாடி ரெண்டு குடும்பம் வந்துச்சு. இங்க இருக்கறவங்க கூடிக் கூடிப் பேசி, இல்லாததும் பொல்லாததும் சொல்லி ஓட்டிட்டாங்க. அமைதியானவங்க இருக்கற எடமாம். நீங்க பேசறதக் கேட்டா... எந்த மாதிரி ஆளுங்கன்னு...”

“எந்த மாதிரி ஆளுங்க?”

அவர் ரிமோட்டைப் பார்த்தார். “பத்திரம் முடியற வரைக்கும் வெளிய தெரிய வேணாமேன்னுதான்.”

மூன்று முறையும் சுவரைத் தட்டி, தரையைத் தட்டி, அவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று தேடியிருக்கிறேன். மறைத்தது எங்களை.

“என்னடீ சொல்றாங்க?” அம்மா வந்தாள்.

வேண்டாம் என்று புரோக்கர் கண்ணால் கெஞ்சினார். அம்மாவிடம் கிசுகிசுக்க முடியாது. முடிந்தாலும் செய்திருக்க மாட்டேன். வாசல் கதவை அகலத் திறந்துவிட்டுச் சொன்னேன்.

“நாம பேசறதக் கேட்டா இங்க இருக்கறவங்களுக்கு ஆகாதாம்! நம்ம சத்தம் வெளிய போகக் கூடாதுன்னுதான் டிவி போட்டாங்களாம்! வாங்கலாமா, வேணாமா?”

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். “நாம வாங்கறது வீட்டத்தானே? அவங்களயா வாங்கறோம்?”

பக்கத்துக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“தம்பி!” அம்மா விடவில்லை. “இங்க தண்ணி ஒழுங்கா வருதா?”

அவர் டீச்சரம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவை. “வ... வருது. ரெண்டு வேளையும்.” இரண்டு விரலைக் காட்டினார்.

“ரெண்டு வேளையுமாம்டீ!”

“அப்ப இன்னிக்கே அட்வான்ஸ்...” புரோக்கர் என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்.

தண்ணி வருதா என்றதற்குப் பதில் சொல்லுமுன் அந்த ஆள் டீச்சரம்மாவை எதற்குப் பார்த்தார்?

“இருங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன்.