இருபத்தோரு நாளுக்கு ஓர் ஊசி

மாதேஸ்வரிக்குப் பதினோரு வயதில் தொண்டைப் புண் வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் இடது கணுக்கால். அப்புறம் முழங்கை.

அவள் அப்பா ஆறுமுகசாமி தரைக்கு மொசைக் போடுகிற மேஸ்திரி. கல்யாணமான புதிதில் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்து காந்திநகரில் குடியேறியவர். "வளர்ற புள்ள, எலும்பு நீளுது" என்றார். அவர் மனைவி மல்லம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டாக்டர் ஹம்ஸாவிடம் போனாள். அந்த அம்மாள் தமிழ் பேசுவார் என்பதுதான் காரணம்.

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மறுநாள் அப்பாவையும் வரச் சொன்னார்.

"இதயத்துல நாலு அறை இருக்கு. நடுவுல கதவு மாதிரி வால்வு. தொண்டைப் புண்ணோட சண்டை போடறப்போ உடம்பு ஏமாந்துபோய்த் தன்னோட வால்வையே புண்ணாக்கிடுத்து. மறுபடி மறுபடி தொண்டைப் புண் வந்தா, அது தடிச்சு ஒட்டிண்டுடும். ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்கும்."

"மாரடைப்புன்னு சொல்றாங்களே, அதுங்களா?" என்றார் ஆறுமுகசாமி.

"இல்லே. அது ரத்தக் குழாய் அடைச்சுண்டு வர்றது. சில கொழந்தைகள் இதயத்துல ஓட்டையோட பிறக்கும், இது அதுவும் இல்லே. இதுல நெஞ்சு வலிக்கணும்னு இல்லே. மூச்சு வாங்கும். ரெண்டு படி ஏறினா நின்னு நின்னு போவா. சோம்பேறின்னு நெனச்சுடாதீங்கோ."

இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஒரு தடவையும் விடக்கூடாது. தேதி குறித்துக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்.

இடுப்பில் போடுகிற கெட்டி மருந்து. போட்ட அன்று மாதேஸ்வரி காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். பத்து வருடம் அப்படியே நடந்தது. பள்ளிக்கூடம் முடித்து ஊதுவத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோதும், மூன்று வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஊசிக்குப் போனாள். இருபது வயதில் டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்தார்.

"வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்கு. கல்யாணம் தாராளமாப் பண்ணலாம். ஆனா பிள்ளை உண்டாறதுக்கு முன்னாடி எங்கிட்டே வரணும். பெங்களூர்ல தொடை வழியா பலூன் விட்டு விரிச்சுடறா. பயப்பட ஒண்ணுமில்லே."

முதலில் பார்க்க வந்தவர்களிடம் ஆறுமுகசாமி உள்ளதைச் சொன்னார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அடுத்து வந்தவர்களிடமும் சொன்னார். 'ஹார்ட்டு' என்ற வார்த்தை தெரு முழுக்கப் பரவியது. மூன்றாவதாக மைசூரிலேயே மேட்டகள்ளியிலிருந்து வரன் வந்தது. பாலன், தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன், கொள்ளேகால் பக்கத்துக் குடும்பம். வீட்டில் அவனும் அவன் அம்மா சுந்தராம்பாளும்தான்.

"இந்த வாட்டி யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் ஆறுமுகசாமி.

"ஊசிக்கு என்னப்பா பண்றது?" என்று மாதேஸ்வரி கேட்டாள்.

"பத்து வருசம் போட்டாச்சு. நல்லாத்தான இருக்கற?"

பாலனை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, அவள் கொண்டுவந்த தட்டைப் பாதி வழியில் எழுந்து வந்து வாங்கிக்கொண்டவன் அவன். கல்யாணத்துக்கு முதல் நாள் ஆறுமுகசாமி அந்த அட்டையைச் சுருட்டி அடுப்பில் போட்டார்.

தொண்ணூற்று நாலு ஆவணியில் கல்யாணம். கோவிலுக்கு என்று சொல்லி மல்லம்மா மகளை இரண்டு தடவை ஊசிக்குக் கூட்டிப்போனாள். மூன்றாவது தடவை, "நானும் வர்றனுங்க சம்பந்தி, சாமி கும்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்று சுந்தராம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மூன்று பேரும் நிஜமாகவே கோவிலுக்குப் போய்த் திரும்பினார்கள். அதோடு ஊசி நின்றது. பெங்களூரைப் பற்றி யாரும் வாயெடுக்குமுன்பே மாதேஸ்வரி உண்டாகிவிட்டாள்.

ஐந்தாம் மாதத்தில் குழாயடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். சுந்தராம்பாள் குடத்தை வாங்கிக்கொண்டாள். "பாலன் வயித்துல இருந்தப்ப எனக்கும் இப்புடித்தான் மூச்சு வாங்குச்சு. இனிமே தண்ணி நான் எடுத்துக்கறேன்." ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்தபோது கன்னம் இரண்டும் செவசெவ என்று இருந்தன. தாய்மைக் களை என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். மல்லம்மா அதைப் பார்க்கவில்லை. மகள் இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, தலையைத் தாழ்த்தினாலே இருமுவதைப் பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மாகிட்டக் காட்டோணுங்க."

"அங்க போனா பெங்களூருன்னு சொல்லும். மாப்ளைக்குத் தெரியாம எப்புடிப் போறது? இன்னும் ரெண்டு மாசம். புள்ள பொறந்துட்டா எல்லாஞ் சரியாயிரும்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றார் அவர்.

நாள் இருக்கும்போதே, எட்டாம் மாதத்தில், ஒரு காலை வேளையில் வலி கண்டது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டுப் பாலனும் சுந்தராம்பாளும் வந்து சேர்ந்தார்கள். ஒரே கூட்டம். மல்லம்மா சீட்டு எழுத வரிசையில் நின்றாள். ஸ்ட்ரெச்சரில் இருந்த மாதேஸ்வரியை வேலைநேர டாக்டர், ஓர் இளைஞர், வந்து பார்த்தார். அவள் மூச்சு விடும் வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. கன்னடத்தில் கேட்டார்: "இதற்கு முன்னால் ஏதாவது நோய் உண்டா? சின்ன வயதில் மூட்டு வீக்கம், இதயக் கோளாறு?"

பாலன் மாமனாரைப் பார்த்தான். பிறந்த வீட்டு விஷயம் அவருக்குத்தானே தெரியும்.

"இல்ல சார். ஒண்ணும் கிடையாது" என்றார் ஆறுமுகசாமி.

மாதேஸ்வரி தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுதது. சுந்தராம்பாள் பேத்தியைத் துணியில் வாங்கிக்கொண்டு சிரித்தாள். ஆறுமுகசாமி முற்றத்து மரத்தடியில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். பத்து மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தார். தப்பிச்சோம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

அரைமணி நேரம் கூட ஆகியிருக்காது.

பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகியிருக்கும். குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கும். அதில் இருந்த ரத்தமெல்லாம் ஒரே நேரத்தில் இதயத்துக்குத் திரும்பும். நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். மாதேஸ்வரியின் வால்வில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஆறுமுகசாமிக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

மல்லம்மா உள்ளே போனபோது மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. படுக்கச் சொன்ன நர்ஸின் கையைத் தள்ளினாள்.

"படுக்க வெக்காதீங்கம்மா" என்றாள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது.

மல்லம்மா டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து வால்வு சுருக்கம். ஊசி போட்டுக்கிட்டிருந்தா. நிறுத்திட்டோம்" என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினாள். டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். ஆக்ஸிஜன் வந்தது, நீர் பிரிக்கும் ஊசி வந்தது, பெரிய டாக்டர்கள் ஓடி வந்தார்கள். நாலேகால் மணிக்கு அவள் கை கம்பியை விட்டது.

வராந்தாவில் நின்ற பாலன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மாமனார் வந்ததும் அவர் எதிரில் நின்றான்.

"மாமா, ஊசின்னு அத்தை சொன்னாங்களே, என்ன ஊசி?"

ஆறுமுகசாமி சொன்னார். தொண்டைப் புண்ணிலிருந்து அட்டையை எரித்தது வரை, எதையும் விடாமல் சொன்னார்.

"மூணு வாரத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதானா?"

"ஆமா மாப்ள."

"சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே." அவன் குரல் உயரவில்லை. "காத்தால அந்த டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே மாமா. நான் பக்கத்துல நின்னேன்னுதான் சொல்லலியா?"

பாலன் பிணத்துக்குக் கையெழுத்துப் போட உள்ளே போனான்.

பதினாறாம் நாள் காரியம் மேட்டகள்ளி வீட்டில் நடந்தது. வந்தவர்கள் கலைந்த பிறகு ஆறுமுகசாமி சுந்தராம்பாளின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லிருங்கம்மா. பேசாம இருக்காதீங்க."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"சொல்லியிருந்தீங்கன்னா இந்த சம்பந்தம் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அது நெசமுங்க, நான் பொய் பேசல. உங்க புள்ள கல்யாணமாகாமயே இருந்திருக்கும்." சங்கைக் கீழே வைத்தாள். "உசுரோட இருந்திருக்கும்."

ஆறுமுகசாமி எழுந்து செருப்பைத் தேடினார். மல்லம்மா தன் துணிப்பையைக் கொண்டுவந்து குழந்தையின் தூளிக்குக் கீழே வைத்தாள்.

"நான் இங்கயே இருக்கறேன். இதுக்கு ஆள் வேணும்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"எத்தன நாளைக்கு?"

மல்லம்மா குழந்தையைச் சம்பந்தியிடமிருந்து கையில் வாங்கிக்கொண்டாள். பாலன் வாசல் கதவைத் திறந்து, அவர் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.