இரண்டு இடது கைகள்

1

இந்தக் கதை என் சட்டையிலிருந்து வந்தது. தைத்து வாங்கிய புதுச் சட்டையில் இரண்டு கைகளும் இடது கைக்கு வெட்டியவை. சண்டை போடப் போனேன். தையல்கார அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டுறப்ப நான் அங்க இல்லீங்க" என்றார்.

"அப்ப கத்தரிக்கோலே வெட்டிடுச்சா?" என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. (இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், என் வண்டவாளமும் தெரியட்டும்.)

இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. கத்தரிக்கோல் ஓடும், அக்கா எங்கோ போய்விடுவார். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். இந்த மாதம் கெட்டது நான்கு துணி. இன்னொன்று கெட்டால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

2

அக்காவை மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். முதலாமவர், "தியானம் பண்ணுங்க, மறதி சரியாயிடும்" என்றார். இரண்டாமவர், அக்கா உட்கார்ந்த உடனேயே, "சின்ன வயசுல என்ன நடந்துச்சு?" என்றார். அக்கா போய்விட்டார், உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது.

மூன்றாமவர் விஷயம் தெரிந்தவர். (இவரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நிஜத்தில் வருடக்கணக்காகும்.)

"துணி வெட்டுனப்ப பக்கத்துல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"பக்கத்துக் கடையில ஷட்டர் இறக்குனாங்க."

"மத்த மூணு தடவையும்?"

"ஷட்டர்தான்." அக்காவின் குரல் தேய்ந்தது. "வீட்டுல ஒரு அறை இருந்துச்சு. மாமா கதவை..."

"இன்னைக்கு அது வேணாம். கால் தரையில படுதா? இந்த சோபா உறையைப் பாருங்க. தையல் எப்படி?"

அக்கா தடவிப் பார்த்தார். "கேவலமா இருக்கு."

"நான் தைச்சது."

இருவரும் சிரித்தார்கள். அக்கா அறையிலேயே இருந்தார்.

"உங்களுக்கு மறதி இல்லங்க. ஒரு குழந்தை தப்பிக்கக் கண்டுபிடிச்ச வழி அது. அப்ப காப்பாத்துச்சு, இப்ப துணியைக் கெடுக்குது."

4

மூன்று எங்கே என்று தேடாதீர்கள். 'கதவைச் சாத்தியதும் மாமா' என்று தொடங்கினேன். 'அப்போது அவளுக்கு ஏழு வயது, உள்ளே' என்று தொடங்கினேன். இரண்டு முறையும் அக்கா கதையைவிட்டே போய்விட்டார். நானும் அந்த இரண்டாவது ஆலோசகர்தான். வெட்கமாக இருந்தது.

முடிவுக்கு வருவோம். அக்கா எல்லாவற்றையும் கொட்டி அழுது ஒரே நாளில் குணமாகலாம். (நம்பாதீர்கள்.) வேலை போகலாம். அடுத்த வியாழக்கிழமை ஊசி நூலோடு போய் அந்த சோபா உறையைப் பிரித்துத் தைக்கலாம். என் ஆசை இதுதான். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாளைக்கு இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். வலது தோள் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறெதுவும் கேட்கக் கூடாது.

மூன்றாம் பகுதியை மட்டும் நீங்கள் எழுதிவிடாதீர்கள். அது அக்காவுடையது. அவர் எழுதாமலும் விடலாம்.