தொண்ணூற்றொன்று போதும்

தங்கையின் கணவர் அந்தக் காரை வாங்கிய அன்றே பெட்ரோல் பங்கில் நாங்கள் முட்டிக்கொண்டோம். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, வேறொரு நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர் பத்து வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. பங்கில் மூன்று குழாய்கள் இருந்தன: 91, 95, 98. மாப்பிள்ளையின் கை நேராகத் தொண்ணூற்றெட்டுக்குப் போனது.

“அதை விடுங்க மாப்பிள்ளை,” என்றேன். “ஆக்டேன்னா சக்தின்னு நினைச்சீங்களா? அழுத்தும்போது பெட்ரோல் தானா வெடிக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற நம்பர், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் கேட்டதுக்கு மேல ஊத்தி என்ன பிரயோஜனம்?”

டேங்க் மூடியின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். குறைந்தது 91 என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். “பக்கத்துல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே மச்சான்.”

“பொடி எழுத்தெல்லாம் உங்க கடையோட வச்சுக்கங்க. தொண்ணூத்தொண்ணு போதும்.”

நான் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன். எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து பட்டறைக்கு வந்து, மேடு ஏறும்போது என்ஜின் ‘டக்டக்’கென்று தட்டுகிறது என்றார். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, “ஸ்போர்ட்ஸ் கார் பின்ன தாலாட்டா பாடும்? காதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கங்க,” என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், மலைப்பாதையில் என்ஜின் வெடித்தது. பக்கத்தில் என் தங்கை. வண்டி புகை கக்கிக்கொண்டு வளைவிலேயே நின்றுவிட, பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் பிரேக் போட்டு நின்றிருக்கிறது. போனில் அவள்தான் சொன்னாள். அடுத்த நாள் காலை வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம்.

பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு கடித்துத் துப்பியதுபோல உடைந்திருந்தது. பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்து வெடித்து அடித்தால்தான் இப்படி ஆகும். ஸ்டிக்கர் கேட்டதைத்தானே ஊற்றினோம்? டேங்க் கதவைத் திறந்து, அழுக்கைத் துடைத்து, அந்தப் பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தேன்: (R+M)/2. புரியவில்லை. போனில் தேடினேன்.

கார் வந்த நாட்டில் ஆக்டேனை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்களாம். இரண்டு சோதனைகள் செய்து, இரண்டுக்கும் சராசரி எடுப்பார்களாம். நம் பங்குகளில் போட்டிருப்பது ஒரே ஒரு சோதனையின் எண். அவர்களுடைய தொண்ணூற்றொன்று, இங்கே ஏறக்குறைய தொண்ணூற்றாறு.

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கிடந்த டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக அந்த வண்டிக்கு டேங்க் டேங்காக விஷம் வைத்தது நான். வண்டி தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறது, அவரும் வந்து சொன்னார், நான் கேலி செய்தேன். என் தங்கை செத்திருப்பாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வண்டி குலுங்கி நின்றதில் சுளுக்கிய மணிக்கட்டில் கட்டோடு தங்கை இறங்கினாள், பின்னாலேயே மாப்பிள்ளை. மேசைமேல் கிடந்த பிஸ்டனைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

“அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றாள் தங்கை.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“மச்சான், ஒரு தப்பு பண்ணிட்டேன்,” என்றார். “போன மாசம் உங்ககிட்ட சொல்லாம தொண்ணூத்தெட்டு ஊத்தினேன். ஒரே ஒரு தடவைதான். அந்த டேங்க் தீர்ற வரைக்கும் வண்டி தட்டவே இல்ல, அவ்வளவு நல்லா போச்சு. அதனாலதான் என்ஜின் போச்சா?”

“அண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னாரு, கேட்டீங்களா?” என்றாள் தங்கை. “ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை அப்படியே அவரிடம் நீட்டினால் போதும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வாயைத் திறந்தேன்.

“இனிமேலாவது சொன்ன பேச்சைக் கேளுங்க மாப்பிள்ளை.”

சொன்னது நான்தானா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. திருத்திக்கொள்ள அப்போதுகூட நேரம் இருந்தது.

“சரி மச்சான்,” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.