குழியில் ஊறிய சாணம்

கரைக்கிற கை என்னுது, இருமல் என்னுது. வெளிச்சம் மட்டும் முன்கட்டுக்கா?

நாச்சம்மாள் தொழுவத்தில் சாணத்தைப் பிசைந்தபடியே நினைத்தாள். முதலமடையைத் தாண்டி, மாந்தோப்புக்குள் இருந்த அந்த வீட்டுக்கு மின்கம்பம் வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. சாண எரிவாயுவுக்குக் குழி வெட்டியபோது கணவன் ஆறுமுகசாமி, "உன்ற இருமலுக்காகத்தான் புள்ள" என்றான். நம்பினாள். தினமும் சாணத்தைக் கரைத்து ஊற்றினாள். வாயு சேரச் சேர, குழிமேல் கவிழ்ந்திருந்த இரும்புத் தொட்டி மெல்ல மேலெழும். அதைப் பார்க்கையில் வயிற்றுப்பிள்ளை அசைவது போலிருக்கும். புகையில்லாமல் சமைத்தாள். இரவில் இருமாமல் தூங்கினாள்.

மாங்காய்க் காலம் வந்தது. சாப்பிட உட்கார்ந்த வியாபாரி ஒருவர் சோறு எதில் வெந்தது என்று கேட்டார். பதில் தெரிந்ததும் இலையை விட்டு எழுந்தார்.

"மானமே போச்சு!" என்றாள் மாமியார் கமலாத்தாள். "சாணி நெருப்புல ஆக்குன சோத்த விருந்தாளிக்குப் போடறதா?"

"ஏனுங்கத்தை, இத்தன நாளா எரிச்ச வறட்டியும் சாணிதானுங்களே?"

"அது வெயில்ல காஞ்சது. இது குழியில ஊறுனது. வாயப் பாரு இவளுக்கு!"

அன்றே ஆறுமுகசாமி அடுப்புக் குழாயைக் கழற்றி, முன்கட்டு விளக்குக்கு மாட்டினான். எழுந்துபோன அதே வியாபாரி அதன் கீழ் உட்கார்ந்து சீட்டாடினார். "கரண்டு தோத்துது போங்க மாப்ள!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். விளக்கு எந்தக் குழியிலிருந்து எரிகிறது என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. சமையலறையில் விறகு புகைந்தது. நாச்சம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். சத்தம் முன்கட்டுக்குப் போகக்கூடாதாம்.

"நாச்சா!"

ஆறுமுகசாமி தொழுவத்து வாசலில் நின்றான். "நேத்து வெளக்கு மங்கிப்போச்சு. இன்னும் ரெண்டு கூடை சேத்திக் கரைச்சு ஊத்து. நாலு பேரு வந்து போற எடம்."

அவளுக்கு நெஞ்சுக்குள் கொதித்தது. குரலில் அது ஏறவில்லை.

"குழாய் அடுப்புக்கு வரட்டுங்க. அப்பறம் ஊத்தறேன்."

"வெளையாடாத புள்ள. தொட்டி எறங்கிக் கெடக்குது பாரு."

பார்த்தாள். தொட்டி தாழ்ந்து, கரைசலில் அமிழ்ந்திருந்தது. குழிப்பக்கம் போகவில்லை. ஒரு கை சாணத்தை உருட்டி எடுத்துத் தொழுவத்துச் சுவரில் தட்டினாள். பக்கத்தில் இன்னொன்று.

"என்ன பண்றே?"

"வறட்டிங்க. வெயில்ல காயட்டும்."

அடுத்த உருண்டையை எடுத்தாள்.