மஞ்சள் கொடியின் பின்னால்

போன வருஷம் செஞ்சி வட்டாரத்திலேயே அதிகமாக டைல்ஸ் விற்ற கடை என்று ஆனந்தராஜின் கடைக்குக் கம்பெனிக்காரர்கள் சீனா டூர் கொடுத்தார்கள். கடை ஓனரும் கூட ஒருவரும் போகலாம், செலவெல்லாம் கம்பெனியுடையது. ஆனந்தராஜ் மட்டும் கடைசி வரை அசையவில்லை. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை உச்சிக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்னப் பாலத்தையே கண்ணை இறுக்க மூடி, மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தாண்டியவர் அவர். ஏரோப்ளேன் என்ற பேச்சை எடுத்தாலே தண்ணீர் கேட்டார்.

"கடை உன் பேர்லதான இருக்குது கலை," என்றார் மனைவியிடம். "ஜிஎஸ்டி கூட உன் பேருதான். நீதான் ஓனரு. நீ போய்ட்டு வா."

"நானு தனியாவா?"

"ரோஷன இட்டுக்கினு போ."

ரோஷன் பீ பக்கத்து வளையல் கடைக்காரி. கலைவாணியும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருத்தி சிரித்தால் இன்னொருத்தியையும் சேர்த்து வெளியே நிறுத்துவது பள்ளிக்கூட வழக்கமாக இருந்தது. போன மாதம்தான் ரோஷன் பீ மகள் அலீனாவை வேலூருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து கடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் அமீர் ஜானுக்கு அதுவே கவலை.

"பன்னிக்கறி போடுற ஊருக்கு நான் எதுக்கு?" என்று கேட்டாள்.

"பழம் இருக்குது, ரொட்டி இருக்குது. நாலு நாளு அத துன்னுட்டு வா," என்றார் அமீர் ஜான். "இங்க மட்டும் இன்னா ஒழுங்கா துன்னுட்டியா நீ?"

இப்படித்தான் இந்தப் பக்கம் திண்டிவனம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை என்று வாழ்ந்த இரண்டு பெண்கள் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் சீனாவின் ஷியான் நகரத்தில், ஒரு சுற்றுலா பஸ்ஸின் பின் சீட்டில், போர்வைக்குள் உட்கார்ந்து தட்டை தின்றுகொண்டிருந்தார்கள். பஸ் நிறைய டைல்ஸ் கடைக்காரர்கள். டூர் மேனேஜர் பிரசாந்த் சென்னைப் பையன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான்.

"இன்னிக்கு நாம பாக்கப்போறது மண் சிப்பாய்ங்க," என்றான். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ஒரு ராஜாவுக்குக் காவலா, ஆளுயரத்துக்கு மண்ணுல ஆயிரக்கணக்கா சிப்பாய் செஞ்சு பூமிக்கடியில நிக்க வெச்சிட்டாங்க. அப்புறம் எல்லாரும் மறந்துட்டாங்க. அம்பது வருஷம் முன்னாடி விவசாயிங்க கெணறு வெட்டும்போது மண்ணுல செஞ்ச ஆளு கெடைச்சுது. அப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது."

"எங்க நைனாவும் எத்தினியோ கெணறு வெட்னாரு," என்றாள் கலைவாணி மெதுவாக. "பாறைதான் வந்துது."

"கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கணும்டி," என்றாள் ரோஷன் பீ. தட்டைத் துண்டு கலைவாணிக்குப் புரையேறியது. முன் சீட்டிலிருந்து ஆரணிக்காரர் வெற்றிவேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இறங்கும்போது பிரசாந்த் எல்லோர் காதிலும் ஒரு சின்ன கருவியை மாட்டிவிட்டான். கழுத்தில் தன் போன் நம்பர் எழுதிய அட்டையையும் தொங்கவிட்டான். "என் கையில மஞ்சக் கொடி இருக்கும். கூட்டத்துல கொடிய மட்டும் பாத்துக்கினு வாங்க. கொடிய விட்டா நீங்க சீனாவோட போய்டுவீங்க."

கேட்டைத் தாண்டியதும் ரோஷன் பீ பாத்ரூம் போக வேண்டும் என்றாள். கலைவாணி வாசலில் காவல் நின்றாள். இருவரும் வெளியே வந்து பார்த்தபோது திருவிழாக் கூட்டம். அதற்கு நடுவே தலைகளுக்கு மேலே மஞ்சள் கொடி ஒன்று ஆடிக்கொண்டு போனது. இரண்டு பேரும் செருப்பு தேய ஓடிப்போய் அதன் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். காதில் இருந்த கருவி கரகரவென்று இரைந்து, அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்தார்கள்.

முதல் கூடத்துக்குள் நுழைந்ததும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். செஞ்சி மார்க்கெட் கமிட்டி ஷெட்டுகளை எல்லாம் ஒன்றாக ஒட்டவைத்தாலும் அந்தக் கூரைக்குக் காணாது. கீழே ஆழத்தில், வெட்டிய மண் சுவர்களுக்கு நடுவே, வரிசை வரிசையாகச் சிப்பாய்கள். யாருமே அசையவில்லை, எல்லோரும் எதையோ எதிர்பார்த்து நிற்கிறார்கள். பின்னால் ஓர் இடத்தில் கை, கால், தலை என்று உடைந்த துண்டுகள் குவிந்து கிடந்தன. இன்னும் ஒட்டவில்லை போல. ரோஷன் பீ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கலை. ஒரு மூஞ்சி மாதிரி இன்னொண்ணு இல்ல, பாத்தியா?"

"ஆமா."

"அந்த மூணாவது வரிசையில, மூக்க தூக்கிக்கினு நிக்கிறான் பாரு. மேல்மலையனூர் பஸ் கண்டக்டர்."

கலைவாணி பார்த்தாள். சந்தேகமே இல்லை. சில்லறை இல்லை என்று சொல்லப் போகிற வாய் அதேதான்.

"அவனுக்குப் பின்னாடி?" என்றாள். "பஞ்சாங்கம் பாக்க வர்றாரே, நம்ம விநாயகம் அண்ணன்."

"அவருக்குப் பக்கத்துல நம்ம கணக்கு டீச்சரு."

"டீச்சரு பொம்பளடி."

"மீசைய பாரு. அவங்களேதான்."

அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் வந்த அதே சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக வெளியேறியது. வாயைப் பொத்தினால் தோள் குலுங்கியது. தோளை அடக்கினால் கண்ணில் நீர் வந்தது. ஓரமாக ஓர் அதிகாரிச் சிலை வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அரைக்கண் மூடி, சாப்பிட்டு முடித்த திருப்தியில் நின்றிருந்தது. கலைவாணி அதைக் காட்டத்தான் கையைத் தூக்கினாள். ரோஷன் பீ பார்த்தாள். மதியம் மூன்று மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆனந்தராஜ்.

இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் கலைவாணி போனைத் தூக்கி, "வெற்றிவேல் அண்ணே, ஒரு போட்டோ புடிங்க," என்று திரும்பினாள். வெற்றிவேல் இல்லை. அந்த இடத்தில் அறுபது வயதைத் தாண்டிய, கட்டை குட்டையான ஒரு சீனத்து அம்மாள் நின்றிருந்தாள். தலையில் முக்காடு. அவளுக்குப் பின்னாலும் முக்காடு போட்ட பெண்கள், வெள்ளைத் தொப்பி வைத்த ஆண்கள். மஞ்சள் கொடியைப் பிடித்திருந்தது ஒரு சின்னப் பெண். பிரசாந்தையும் காணவில்லை, டைல்ஸ் கடைக்காரர் ஒருவரையும் காணவில்லை.

"ரோஷன். நாம வேற கொடி பின்னாடி வந்துட்டோம்."

ரோஷன் பீ எழுந்து சுற்றிலும் பார்த்தாள். அந்தக் கூட்டமும் அவள் முக்காட்டைப் பார்த்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே சொன்னாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கூட்டத்தில் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்து, வேறு ராகத்தில், ஆனால் தெளிவாக, "வ அலைக்கும் ஸலாம்," என்றன. கட்டை குட்டை அம்மாள் ஓடிவந்து ரோஷன் பீயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏதேதோ கேட்டாள். ரோஷன் பீ தமிழில் பதில் சொன்னாள். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அம்மாள் தன் நெஞ்சைத் தொட்டு, "மா," என்றாள்.

"ஆமா, அம்மாதான். பாத்தாலே தெரியுது," என்றாள் கலைவாணி.

கொடி வைத்திருந்த பெண் அவர்களுடைய கைடு, பெயர் லின். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கூடத்து வாசலில் எண்ணும்போது ரோஷன் பீயின் முக்காட்டைப் பார்த்துத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டது தான்தான் என்று தலையில் கை வைத்தாள். அவர்கள் லான்ஜோ என்கிற ஊரிலிருந்து வந்த முஸ்லிம்கள், மா என்பது அந்த அம்மாளின் குடும்பப் பெயர் என்றும் சொன்னாள். அட்டையில் இருந்த பிரசாந்தின் நம்பருக்குப் போன் போட்டாள். பேசிக்கொண்டே இருக்கிறார் என்று வந்தது. திரும்பப் போட்டாள். அப்போதும் அதேதான். இவர்கள் இருவரின் போனும் ஓட்டல் வைஃபையில் மட்டுமே வேலை செய்கிற ரகம்.

"கம் வித் அஸ்," என்றாள் லின். "ஐ கால், கால், கால்."

எதற்குச் சிரித்தீர்கள் என்று மா அம்மா கேட்பதையும் சாடையாகச் சொல்லிவிட்டாள்.

கலைவாணி சிப்பாயைக் காட்டி, பிறகு பஸ் கண்டக்டரைப் போல் விசில் ஊதி, பை மாட்டி, கையை நீட்டிக் காண்பித்தாள். மா அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கம்பிமேல் சாய்ந்து கீழே தேடினாள். ஒரு தாடிக்காரச் சிப்பாயைக் காட்டி, பின்னால் நின்ற தன் கணவரைக் காட்டினாள். அவர் மூக்கு அந்தச் சிப்பாயின் மூக்கேதான். கூட்டம் வெடித்தது. அடுத்த கூடம் முடிவதற்குள் லான்ஜோவில் இருக்கிற சம்பந்தி, பல் டாக்டர், பால்காரன் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். காவல்காரர் ஒருவர் வந்து விரலை உதட்டில் வைத்தார். அவர் முகத்தையும் மூன்றாவது கூடத்துச் சிப்பாய்களில் கண்டுபிடித்தார்கள்.

வெளியே வந்தபோது பசி. லின்னின் கூட்டம் தெருமுனைக் கடை ஒன்றுக்குள் நுழைந்தது. கலைவாணி தயங்கினாள். ரோஷன் பீ கடைப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சீன எழுத்துக்கு மேலே, பச்சையில், மதரஸாவில் படித்த அரபி எழுத்து.

"கலை, ஹலால்னு போட்டுக்குது."

வந்ததிலிருந்து வாழைப்பழமும் ரொட்டியும் தட்டையுமாக இருந்தவள். பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க, கையால் இழுத்த நூடுல்ஸும் மாட்டுக்கறிச் சாறும் முன்னால் வந்தபோது அவள் பிஸ்மில்லா சொன்ன வேகத்தைப் பார்த்து மா அம்மா சமையல்காரரிடம் இரண்டாவது கிண்ணத்துக்கு விரல் காட்டிவிட்டாள். கலைவாணிக்குக் கறியில்லாமல் மிளகாய் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். குச்சியால் எடுக்கத் தெரியாமல் நூடுல்ஸ் கன்னத்திலும் ஜாக்கெட்டிலும் ஒட்டியது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவளுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் தோற்று ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் லின் போட்ட போனில் பிரசாந்த் கிடைத்தான். கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் பஸ் வந்து நின்றது. பிரசாந்த் இறங்கினான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"அக்கா," என்றான். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணச் சொல்லிட்டேன்கா."

"நாங்க நல்லாத்தான் இருக்கோம் தம்பி," என்றாள் கலைவாணி. "நீ சாப்டியா?"

அவன் பதில் சொல்வதற்குள் மா அம்மா அவனை உட்காரவைத்துக் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். திட்டத்தான் வந்தான் பாவம். முதல் வாய் உள்ளே போனதும் மறந்துவிட்டான்.

பஸ் ஜன்னலிலிருந்து டைல்ஸ் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மதியம் ஏதோ ஓட்டலில் வேகவைத்த முட்டைக்கோஸ் போட்டிருந்தார்கள். வாசனை பஸ்ஸுக்குள் போனது. முதலில் வெற்றிவேல் இறங்கினார், அப்புறம் பஸ்ஸே காலி. டைல்ஸ் கடை வைப்பதற்கு முன் வெற்றிவேல் ஆரணியில் பரோட்டாக் கடை நடத்தியவர். சமையல்காரர் மாவை மேசையில் அடித்து இழுப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேட்டு வாங்கி, ஒரு உருண்டையைத் தட்டி, காற்றில் வீசினார். அது விசிறி போல விரிந்து, மின்விசிறியில் மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, பிரசாந்தின் தலைமேல் விழுந்தது. சீனக்காரரும் தமிழரும் ஒரே மொழியில் சிரித்தார்கள். பிரசாந்த் மாவுக்குள்ளிருந்து கிண்ணத்தைக் காலி செய்தான்.

கிளம்பும்போது மா அம்மா ரோஷன் பீயின் கண்ணாடி வளையல்களைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே போனாலும் கைப்பையில் நாலைந்து டஜன் போட்டுக்கொள்வது ரோஷன் பீயின் பழக்கம். மா அம்மாவின் கையை எடுத்தாள், விரல்களைக் குவித்து அமுக்கிப் பார்த்து அளவு சொன்னாள், பச்சை வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றும் உடையவில்லை. அடுத்த கை வந்தது, அதற்கடுத்ததும். நடுரோட்டில் கடை விரித்ததுபோல் ஆகிவிட்டது. பை காலியானது. பதிலுக்கு மா அம்மா ஒரு பை நிறைய மாதுளம்பழம் கொடுத்து, ரோஷன் பீயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் கலைவாணி.

"தெரியல. ஆனா நானும் சரின்னுட்டேன்."

லான்ஜோ பஸ் நகர்ந்தபோது எல்லா ஜன்னலிலிருந்தும் வளையல் போட்ட கைகள் வெளியே வந்து ஆடின. தெரு முடியும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது காலை வெயில். ஆனந்தராஜும் அமீர் ஜானும் ஆட்டோ பிடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனந்தராஜ் பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அவ்ளோ தூரம் போனீங்களே, இன்னாதான் பாத்தீங்க?"

கலைவாணி அவரைப் பார்த்தாள். அப்புறம் ரோஷன் பீயைப் பார்த்தாள். ரோஷன் பீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள்.

"இன்னா ஆச்சு இதுங்களுக்கு?" என்றார் ஆனந்தராஜ்.

அமீர் ஜான் குலுங்குகிற தன் மனைவியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. காரணம் தெரியாமலே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுங்க, ஏறுங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆட்டோ கடைவீதிக்குள் திரும்பும் வரை நாலு பேரில் ஆனந்தராஜ் மட்டும், மடியில் பெட்டியை வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் போட்டபடி, காரணம் கேட்டுக்கொண்டே வந்தார்.