வலி: பூஜ்யம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத் தனுஜா தன் மைவி காரைச் சுகுமாறன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். இறங்குவதற்கு முன் டேஷ்போர்டைத் திறந்து உள்ளே கிடந்த பச்சை அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். அந்த வீட்டுக்கு இது நாலாவது முறை. நாலு முறையும் அப்படித்தான் செய்தாள்.

அவள் வீடு வீடாகப் போகிற நர்ஸ். புக்கிட் செந்தோசாவில் குடியிருந்தாள். தினமும் காலை ஆறரைக்குக் கிளம்பி, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கிச் சபாக் வரைக்கும் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றுவாள், டியூப் மாற்றுவாள், ஊசி போடுவாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வராது என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். போன மாதம் அவளோடு வேலை செய்த ஒருத்தி வேலையை விட்டு நின்றதால் அவளுடைய நோயாளிகள் தனுஜாவின் பட்டியலுக்கு வந்தார்கள். மூன்றாவது பெயர் சுகுமாறன். வயது எழுபத்தாறு, சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண். முன்னாள் வேலை என்ற இடத்தில், தோட்டத்து டிரசர்.

தோட்டத்தில் டாக்டர் கிடையாது. டிரசர்தான் டாக்டர். யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சோம்பல் என்று பிரிப்பது அவர் வேலை. அவர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்து வேன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்.

தனுஜாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு திங்கட்கிழமை அவள் அம்மா தாயம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுகுமாறன் இருந்த தோட்டத்துக் கிளினிக்குக்குப் போனாள். சுகுமாறன் நாற்காலியை விட்டு எழவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. அம்மாவின் கிளினிக் அட்டையில் இரண்டு சொல் எழுதினார். கூடப் போயிருந்த அப்பாவிடம், "ஒண்ணும் இல்ல. சூடா மைலோ கலக்கிக் குடு. நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லு" என்றார். பெரட்டு என்பது விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவது. துண்டு கிடைக்கவில்லை. குடல்வால் வெடித்து, வியாழக்கிழமை காலை பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரரின் லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே அம்மாவின் உயிர் போனது.

பச்சை அட்டையில் இருந்த அந்த இரண்டு சொல், 'புவாட்-புவாட்'. நடிப்பு என்பதற்கு மலாயில் அப்படிச் சொல்வார்கள்.

"வாங்க மிஸ்ஸி, வாங்க" என்று கதவைத் திறந்தாள் மருமகள் உஷாராணி. "மாமா விடியக்காலையிலேருந்து ரெடி. கட்டு மாத்தற நாளுன்னா அவருக்குக் கல்யாணம் மாதிரி."

"பேச ஆளு கெடைக்குதுல்ல" என்றார் சுகுமாறன் கூடத்திலிருந்து. நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பவுடர் போட்ட முகம். "நீ கட்டுற கட்டு சுத்தமா இருக்கும்மா. எனக்குத் தெரியும். நானும் முப்பத்தோரு வருஷம் கட்டினவன்லா."

முந்தைய மூன்று முறையும் தனுஜா ஒழுங்காகத்தான் கட்டினாள். அது அவளுக்கே புரியாத விஷயம். எத்தனையோ வருஷம் மனசுக்குள் இந்த ஆளைக் கொன்றிருக்கிறாள். கையில் கிடைத்ததும் கையுறை மாட்டி, மருந்து ஊற்றி, அளவெடுத்து எழுதிக்கொண்டு போனாள். தனக்குத் தைரியம் இல்லையா, ஆத்திரம் இல்லையா என்று திரும்பும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இன்றைக்குக் கட்டைப் பிரித்ததுமே நாற்றம் வந்தது. சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் கறுத்திருந்தது. அங்கிருந்து பாதத்தின் மேல்பக்கம் வரை சிவப்பு ஏறியிருந்தது. தொட்டால் சுட்டது. இதற்கு ஒரே வழிதான். இன்றைக்கே ஆஸ்பத்திரி.

"வலி எவ்வளவு ஐயா? பூஜ்யத்திலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"வலியா? வலியே இல்லியே. பூஜ்யம்னு போடு."

சர்க்கரைக் கால் செத்த கால். வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து என்று படித்த முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள். இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன் கால் என்று வரும்போது மறந்துபோயிருந்தது.

"வலின்னு சொன்னதும் ஒரு ஞாபகம்" என்று சுகுமாறன் சிரித்தார். "அந்தக் காலத்துல தெனம் பத்து பேரு வந்து நிப்பான். தல வலி, இடுப்பு வலி, வயித்து வலி. பொம்பளைங்கதான் ரொம்ப. மூஞ்சப் பாத்தே சொல்லிருவேன், எது நெசம், எது டிராமான்னு. ஒரு தடவ கூடத் தப்புனது இல்ல தெரியுமா?"

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவ கூட."

தனுஜா தாளைப் பார்த்தாள். வலி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். நிறம், நாற்றம், அளவு என்று வரிசையாக மூன்று கட்டங்கள் இருந்தன. அவற்றின் குறுக்கே 'மாற்றம் இல்லை' என்று எழுதினாள். அம்மா சொன்னதை இவர் நம்பவில்லை. இவர் சொல்வதை அவள் நம்புகிறாள், அவ்வளவுதான். இதற்கு யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளி வலியில்லை என்றார், எழுதினேன்.

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றாள். செவ்வாயிலிருந்து வெள்ளி. அம்மாவுக்குத் திங்களிலிருந்து வியாழன். அதே மூன்று நாள்.

பேனாவை மூடும்போதுதான் தன் கை செய்திருந்த காரியம் கண்ணில் பட்டது. அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் நீலக் கோடு ஒன்று வளைந்து ஓடியிருந்தது. பக்கத்தில் தேதி, நேரம், 10.40. சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க நர்ஸுகள் போடுகிற கோடு. ஆறு வருஷப் பழக்கம். மனசைக் கேட்காமல் கை போட்டுவிட்டது.

ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போய்விடும். உஷாராணி காப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள். தனுஜா கோட்டின் மேலேயே துணியைச் சுற்றிக் கட்டினாள்.

தஞ்சோங் காராங்கைத் தாண்டும்வரை அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல். ரேடியோவில் யாரோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டினாள். அம்மாவிடம் சொல்ல ஒரு சேதி கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

செகிஞ்சானில் சிக்னலுக்கு நின்றபோது நாற்றம் வந்தது. காரில் நாறும்படி ஒன்றும் இல்லை. கழிவுகள் எல்லாம் மூடிய பையில் பின்னால் இருந்தன. கையை முகர்ந்தாள், சோப்பு வாசம்தான். ஜன்னலை இறக்கினாள். போகவில்லை.

சபாக்கில் மாலா அக்காவுக்கு டியூப் மாற்ற வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போன பெண். தனுஜா எப்போதும் போல் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். "இப்ப கொஞ்சம் இழுக்கும் அக்கா. வலிச்சா என் கையப் புடிங்க." மாலா பிடித்தாள். பிடியில் தனுஜாவின் விரல்கள் வெளுத்தன. எவ்வளவு வலி என்று எழுத வேண்டிய கட்டத்தில் ஆறு என்று போட்டாள். கேட்காமலே தெரிந்தது.

வெளியே வந்து மணி பார்த்தாள். ஒன்று இருபது. பத்து நாற்பதிலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கட்டுக்குள்ளே நீலக் கோடு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வேறு யாராவது அந்தக் கட்டைப் பிரித்தால், தேதியோடு நேரத்தோடு அது பேசும். இவள் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லும்.

மேலாளர் பிரேமலாவுக்குப் போன் செய்தாள். "அக்கா, நான் சுகுமாறன் வீட்டுக்குத் திரும்பிப் போறேன்."

"ஏன்டி? அடுத்தது சுங்கை செம்பிலாங்லா. அந்தம்மா மத்தியானம் தூங்காம ஒக்காந்திருக்கும்."

"நாளைக்கு வர்றேன்னு சொல்லிருங்க. காலையில தப்பா எழுதிட்டேன்."

"நீயா? தப்பா?" பிரேமலா சிரித்தாள். "சரி போ, பாத்து ஓட்டு."

கோட்டுக்குப் பயந்து போகிறாளா, அந்தக் காலுக்காகப் போகிறாளா? ஐம்பது கிலோமீட்டர் யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. இரக்கம் என்று எதுவும் உள்ளே தட்டுப்படவில்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கட்டைப் பிரித்தாள். சிவப்பு, கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை மேலே போயிருந்தது. உஷாராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா மிஸ்ஸி இது? காலையில ஒண்ணும் சொல்லலியே நீங்க?"

"காலையில சொல்லியிருக்கணும். சொல்லல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டிய எடுங்க."

உஷாராணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவி தேடப் போனாள்.

"எதுக்குலா ஆஸ்பத்திரி?" என்றார் சுகுமாறன். "எனக்கு ஒரு வலியும் இல்ல. பூஜ்யம்னு சொன்னேன்ல?"

"நீங்க சொல்றத நான் நம்பல."

அவர் முகம் சிவந்தது. "யாருகிட்ட பேசுற? முப்பத்தோரு வருஷம்..."

"குனிஞ்சு பாருங்க ஐயா. டிரசர்தானே நீங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்தார். கறுப்பைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கோட்டுக்கு மேலே ஏறியிருந்ததைப் பார்த்தார். பவுடருக்கு அடியில் முகம் தளர்ந்தது. மெதுவாக, "துண்டு எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கான கடிதம் அவள் கையில்தான் இருந்தது. அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. வாசலில் உஷாராணி வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. நீட்டிய கை காற்றில் நின்றது. இருபத்து மூன்று வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது இந்தக் கையைத்தான். அவர் அதை இறக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலு போயிருமா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. சூடா மைலோ கலக்கிக் குடிங்க. நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க."

அவர் நிமிர்ந்து அவளை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார். "நீ யாரு மக?"

"தாயம்மா மக. எட்டாம் நம்பர் லயம்." இந்த முறை காரிலிருந்து எடுத்து வந்திருந்த பச்சை அட்டையை அவர் மடியில் வைத்தாள். "இது உங்க கையெழுத்து."

சுகுமாறன் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எழுத்து அவருக்கு அடையாளம் தெரிந்தது, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. உதடு அசைந்து இரண்டு சொல்லையும் படித்தது. பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினார். உண்மையாகவே தேடினார்.

"எந்தத் தாயம்மா?" என்றார் கடைசியில். "நெறைய பேருக்கு இப்பிடி எழுதியிருக்கேனேம்மா."

அவர் அழுவார், காலில் விழுவார், எதிர்த்துக் கத்துவார் என்று தனுஜா எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். இதை நினைக்கவில்லை.

கடிதத்தை அட்டையின் மேல் வைத்தாள். அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிங்க. ஞாபகம் வர்ற வரைக்கும் யோசிங்க. அங்கயும் வலிக்குதான்னு கேப்பாங்க. இல்லன்னே சொல்லுங்க. யாரும் நம்பமாட்டாங்க."

உஷாராணியும் அவளுமாக அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். கதவை மூடுவதற்கு முன் அவர் காலைத் தட்டாமல் தூக்கி உள்ளே வைத்தவள் தனுஜாதான்.

வண்டி போன பிறகு காரில் உட்கார்ந்து காலையில் எழுதிய தாளை எடுத்தாள். தப்பாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். அது அவள் தொழிலின் விதி. 'மாற்றம் இல்லை' என்பதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் கையெழுத்து, நேரம், 3.25. காரணம் எழுதும் இடத்தில், 'பார்த்தும் எழுதவில்லை' என்று எழுதினாள்.

பிரேமலா படிப்பாள். படிக்கட்டும். தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, காலியாகக் கிடந்த டேஷ்போர்டை மூடினாள்.