பெனடிக்ட் கட்டிய சாய்தளம்

கருங்கல்மேடு நகராட்சியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய வருஷம், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்தேகாலுக்கு, மரியபுஷ்பத்தின் வீட்டு வாசலில் இருந்த சிமெண்ட் சாய்தளம் எழுந்து நகராட்சி ஆபீசுக்குப் போனது. வழியில் சேலம் டவுன் பஸ் ஒன்றுக்கு ஒதுங்கி இடம் விட்டதாக அதன் கண்டக்டர் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆளில்லை.

கருங்கல்மேட்டில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு உயர்ந்ததும் மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி ஜனங்கள் வாசலை உயர்த்தி ஒரு படி கட்டுவார்கள். பக்கத்து வீட்டில் ஒன்று கட்டினால் நம் வீட்டில் இரண்டு கட்டாவிட்டால் மரியாதை இல்லை. இப்படியே சவேரியார் கோயில் தெரு முழுக்கப் படிகளாகிவிட்டது. மரியபுஷ்பத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு கால்களும் வராது. சக்கர நாற்காலியில் போய்த் தெருமுனையில் ரவிக்கை தைக்கும் கடை நடத்தினாள். அவள் தைத்தால் கை பிடிக்காது என்று வாழப்பாடியிலிருந்துகூட வருவார்கள். புருஷன் பெனடிக்ட்டுக்குப் போர்வெல் லாரியில் வேலை. கிளம்பினால் ஆறு மாதம் மத்தியப் பிரதேசம்தான். தான் ஊரில் இல்லாத நாளில் தூக்கி இறக்கிவிட அவள் யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாதென்று, ஒரு லீவில் வாசல் படிகளை உடைத்துச் சாய்தளம் கட்டினான். ஈரம் காய்வதற்குள் விரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டு லாரி ஏறினான். நல்ல மனுஷன்.

சாக்கடைக் குழாயின் தடம் அந்தச் சாய்தளத்துக்கு அடியில்தான் போனது. உதவிப் பொறியாளர் அறிவுச்செல்வியின் மேஜையில் அப்போது இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில், மாற்றுத்திறனாளிகளுக்காக ஊரில் உள்ள சாய்தளங்கள் மொத்தம் ஒன்று என்று அரசுக்கு எழுதியிருந்தது. மற்றதில், ரோட்டை ஆக்கிரமித்திருக்கும் அதே சாய்தளத்தை வெள்ளிக்கிழமைக்குள் இடிக்கச் சொல்லியிருந்தது. இரண்டிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். நோட்டீஸ் வந்ததும் மரியபுஷ்பம் எதிர்வீட்டைப் பார்த்தாள். முன்பு தண்ணீர்க் குழாய்க்காக உடைத்த எதிர்வீட்டுப் படியை யாரும் திருப்பிக் கட்டித் தரவில்லை; மூன்று வருஷமாகப் பலகை போட்டு ஏறுகிறார்கள். காலுக்குப் பலகை போதும், நாற்காலிக்குப் போதாது. கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள் என்பதால் நேரில் சொல்லிவிடலாமென்று போனாள். நகராட்சி ஆபீசுக்கு ஏழு படிகள். பியூன் அங்கமுத்து இறங்கி வந்து, மனுவைக் கொடும்மா, நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"மனுவ நீங்க கொண்டு போயிருவீங்க. நாஞ் சொல்றத ஆருங்க கொண்டு போவாங்க?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் சாய்தளம் வந்து சேர்ந்தது. ஏழு படிகளுக்கும் எட்டும்படி கொஞ்சம் நீண்டுகொண்டு, சிலுவை மேலே தெரியப் படுத்தது. அவள் ஏறி உள்ளே போய், சொல்ல வந்ததை எல்லாம் சொன்னாள். அறிவுச்செல்வி வெளியே வந்து மட்டம் பிடித்துப் பார்த்தாள். அடிக்கு ஓர் அங்குலம், சட்டம் சொல்கிற அதே சரிவு. பாவம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உடைக்க மாட்டோங்கம்மா. பகல்ல மட்டும் இது இங்க இருக்கட்டும், நாங்க குழாயப் போட்டுக்கறோம்" என்றாள்.

அப்படியே நடந்தது. காலையில் மரியபுஷ்பத்தைக் கடைக்கு இறக்கிவிட்டுச் சாய்தளம் ஆபீசுக்குப் போகும். மாலை ஆறரைக்குத் திரும்பி, தோண்டிய பள்ளத்தின் மேல் பாலமாகக் கிடக்கும். குழாய் பதித்து மூடிய பிறகும் அதற்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நகராட்சி அதைப் பார்த்தே தனக்கு ஒன்று கட்டிக்கொண்டது. அதன் பிறகு இது பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் போக ஆரம்பித்தது. அறிவுச்செல்வி கோப்பைத் திருத்தி, சாய்தளங்கள் இரண்டு, அதில் ஒன்று வெளியே போயிருக்கிறது என்று எழுதினாள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த பெனடிக்ட், காலி வாசலைப் பார்த்துப் பதறிப்போனான். மரியபுஷ்பம் விவரத்தைச் சொன்னாள். அன்றைக்கென்று மணி ஏழாகியும் சாய்தளத்தைக் காணோம். கடையிலிருந்து வந்த களைப்பில் அவள் வாசலுக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாங்க. ஆருக்கோ படி ஒசரமா இருந்திருக்கும். அது வரட்டும்."

ஏழு பத்துக்கு வந்தது. யாருடைய நாற்காலிச் சக்கரமோ பதித்த சேற்றுத் தடத்தோடு வாசலில் படுத்தது. பெனடிக்ட் விளக்குமாறு எடுத்துவந்து சிலுவை தெரியும்படி கூட்டிவிட்டான். மரியபுஷ்பம் தானே உருட்டிக்கொண்டு ஏறி, வீட்டுக்குள் போனாள்.